பச்சைக் கிரீடம் ஒன்றே ஒன்று

பச்சைக் கிரேப் கடதாசியில் ஒரு சுருள்தான் வாங்கினேன். மஞ்சளில் ஐந்து சுருள்.

லண்டனில் செவன் கிங்ஸ் ஸ்ரேசனுக்குக் கிட்ட, பத்திரிகையும் வாழ்த்து அட்டையும் விற்கிற கடை. கல்லாவில் நின்ற பெண், பிறந்தநாளா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். விளக்கிச் சொல்ல எனக்கு இங்கிலீசும் போதாது, தைரியமும் போதாது.

வீட்டு முன்னறையில் காப்பெற்றில் உட்கார்ந்து வெட்டினேன். ஹீற்றரின் சூடு ஒரு பக்க முதுகில். கடதாசியின் சாயம் விரல் நுனியில் ஒட்டியது. கதிர் மாதிரித் தெரிய வேண்டும் என்று நுனிகளை மெல்லியதாய்ப் பிரித்து, கத்தரிக்கோல் அலகால் இழுத்துச் சுருட்டினேன். பொழுதுபடுவதற்குள் பன்னிரண்டு கிரீடங்கள் ஆகிவிட்டன. பதினொன்று மஞ்சள். ஒன்று பச்சை.

பச்சைக் கடதாசி இன்னும் மிச்சம் இருந்தது. இன்னும் இரண்டு மூன்று செய்திருக்கலாம். சுருட்டி அலுமாரியில் வைத்துவிட்டேன்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் எனக்குச் செய்ததைத்தான் எழுதி வந்திருக்கிறேன். விமான நிலையத்தில் நடந்தது, முதல் வீட்டுக்காரி செய்தது, தொழிற்சாலை மேற்பார்வையாளர் சொன்னது. வாசித்தவர்கள் என்னைப் பார்த்து இரங்கினார்கள். அது எனக்குச் சுகமாகவும் இருந்தது. இந்த வாரம் நான் செய்ததை எழுதுகிறேன்.

ரீச்சர் ஆனது

எண்பதுகளின் கடைசிப் பகுதி. ஓர் ஆங்கிலத் தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்கு விட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம் அங்கே கூடித் தமிழில் ஆராதனை நடத்தினோம். மண்டபத்தில் எப்போதும் ஈரக் கோட்டு மணமும் பழைய பாட்டுப் புத்தக மணமும் இருக்கும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கிழமை நாட்களில் சான்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் அவித்த முட்டை உரிப்பேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வேண்டி வந்தால் உள்ளங்கை நனைந்துவிடும். அப்படிப்பட்ட என்னிடம் ஞாயிறு பாடசாலையை ஒப்படைத்ததற்குக் காரணம், மற்றப் பெண்கள் எல்லாரும் பாட்டுக் குழுவில் இருந்ததுதான்.

பிள்ளைகளைப் பார்த்துப் பேசக்கூட எனக்குக் கூச்சம். அதனால் ஒரு பலகையில் கம்பளித் துணி இழுத்துக் கட்டி, அதில் படங்களை வெட்டி ஒட்டி, அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே கதை சொல்லுவேன்.

ஒப்படைத்தவர் பவளமக்கா. எங்கள் சபைச் செயலாளரின் மனைவி. சபையில் எது நடந்தாலும் அவர் கை படாமல் நடக்காது. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில், மெல்லிய சுவெற்றரோடு நடுங்கி நின்ற என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடித்த கோட்டு வாங்கித் தந்தவர். முட்டை உரிக்கும் வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். இதையும் எழுதாமல் விட்டால் அது இன்னொரு பொய்.

புதிதாக யாராவது ஆராதனைக்கு வந்தால் பவளமக்கா தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் போய் உட்காருவார். முதல் கேள்வி, "ஊரிலை எவடம்?" அடுத்தது, "அதிலை எந்தக் கோயிலடி?" மூன்றாவது, யாருடைய மனிதர் என்று, "ஆற்றை ஆக்கள்?" தேநீர் ஆறுவதற்குள் மூன்றும் முடிந்துவிடும். சாதி என்ற சொல்லை எங்களில் யாரும் வாயால் சொல்வதில்லை. இந்த மூன்று கேள்வியே போதும்.

வேதக்காரருக்கு அது கிடையாது என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். அப்பா அதை மேடையிலும் பேசியிருக்கிறார். ஆனால் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் கடைசி இரண்டு வாங்கு வரிசைகளில் யார் இருப்பார்கள் என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். யாரும் எழுதி ஒட்டவில்லை. எங்கள் வளவு துப்புரவாக்க வரும் பெண்ணுக்குத் தண்ணீர் வார்க்கும்போது, அவர் கையேந்திக் குனிய, நான் செம்பை உயர்த்திப் பிடித்து வார்ப்பேன். செம்பு அவர் கையில் படக்கூடாது. அதையும் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

நெற்சப்பி

நேசமலர் ஒரு கோடைக்காலத்தில் வந்து சேர்ந்தார். கூட மகள் ஜெனிற்றா, ஒன்பது வயது. கணவர் கொழும்பில் மாட்டுப்பட்டிருந்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் கவுன்சில் ஒரு விடுதியில் ஓர் அறை கொடுத்திருந்தது. அங்கேயிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்கள். ஒரு ஞாயிறும் பிந்தியதில்லை.

பவளமக்கா கோப்பையோடு போய் உட்கார்ந்தார். நேசமலர், வன்னிப் பக்கம் இருந்ததாகச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான். வன்னியில் எல்லா ஊராரும் இருந்தார்கள். அதிலிருந்து ஒன்றும் பிடிக்க முடியாது. அவ பிடி குடுக்கிறா இல்லை என்று பவளமக்கா குசினிக்குள் வந்து எங்களிடம் சொன்னார்.

செப்டெம்பரில் அறுப்பின் பண்டிகைக்கான ஆயத்தம் தொடங்கியது. இந்த முறை ஆங்கிலச் சபையும் நாங்களும் சேர்ந்து கொண்டாடுவதாக ஏற்பாடு. பிள்ளைகள் ஒரு சின்ன நாடகம் போட வேண்டும். இயேசு சொன்ன கோதுமையும் களைகளும் உவமையை எடுத்தேன். அறுப்பு வருகிறதே என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை.

பலகையில் படங்களை ஒட்டிச் சொன்னேன். ஒருவர் வயலில் நல்ல விதை விதைக்கிறார். எதிரி வந்து களையை விதைத்துவிட்டுப் போகிறான். இரண்டும் சேர்ந்து முளைக்கின்றன. பிடுங்கிவிடட்டுமா என்று வேலைக்காரர் கேட்கிறார்கள். வேண்டாம், களையோடு கோதுமையும் வந்துவிடும், அறுப்பு வரும்வரை விடுங்கள் என்கிறார் வயல்காரர். அறுப்பில் களையைக் கட்டி எரிக்கிறார்கள். கோதுமை களஞ்சியத்துக்குப் போகிறது.

லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்குக் கோதுமை என்றால் காலைச் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் படம். ஒருவன் கொட்டாவி விட்டான். அப்போது ஜெனிற்றா கை உயர்த்தினாள்.

"ரீச்சர், நெற்சப்பியும் அப்பிடித்தான். சின்னனிலை நெல்லு மாதிரியே இருக்கும். கதிர் வந்தால்தான் தெரியும்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அம்மா கூலிக்குக் களை பிடுங்கப் போறவ. நானும் போறனான். ஒருநாள் நான் நெல்லையும் சேர்த்துப் பிடுங்கிப்போட்டன். வயல்காரர் ஏசினவர். அம்மா திரும்ப நட்டுப் பார்த்தவ. அது வாடிப்போச்சு."

கொட்டாவி விட்டவனும் திரும்பிப் பார்த்தான். சிறு வயதிலிருந்து நான் கேட்டு வந்த கதை அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. களை பிடுங்க வேண்டாம் என்று சொன்னது களைக்கு இரங்கி அல்ல. பிடுங்குகிறவனின் கண்ணை நம்ப முடியாது என்பதால்.

கெட்டிக்காரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பலகைப் பக்கம் திரும்பி அடுத்த படத்தை ஒட்டினேன்.

குசினியில்

மண்டபத்துக் குசினி ஒடுக்கமானது. தேநீர் ஊற்றும் நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் அதற்குள் நிற்போம். எல்லாரும் பேசுவார்கள், நான் கோப்பை துடைப்பேன். எனக்கென்று சொல்வதற்கு ஒரு கதையும் இருந்ததில்லை. முட்டை உரிப்பதைப் பற்றி யார் கேட்பார்கள்?

அன்று என்னிடம் ஒரு கதை இருந்தது. இந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டீர்களோ என்று தொடங்கி, நெற்சப்பி, வயல்காரர் ஏசியது, கூலிக்குக் களை பிடுங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாரும் பேச்சை நிறுத்தி என்னையே பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. கூலி என்ற சொல் வாயிலிருந்து வரும்போதே பவளமக்காவின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான், அந்தச் சொல்லைக் கடைசிக்கு வைத்துச் சொன்னேன்.

"அப்ப சரி," என்றார் பவளமக்கா. "நான் நினைச்சனான்."

அடுத்த ஞாயிறு நாடகத்துக்குப் பிள்ளைகளைப் பிரித்தோம். மூன்று களை வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. வீடியோ எடுத்துக் கனடாவுக்கு அனுப்பப் போறம், என்ரை மகன் களையாய் நிண்டால் மாமிமார் என்ன நினைப்பினம் என்று ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மறுத்துப் பேச வராது. மூன்றை இரண்டாக்கினேன். இரண்டை ஒன்றாக்கினேன்.

"ஜெனிற்றாவை விடும்," என்றார் பவளமக்கா. "அவவுக்குத்தானே களையைப் பற்றி எல்லாம் தெரியும்."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கொப்பியில் பெயரை எழுதினேன்.

உவமையில் வரும் வேலைக்காரர்களைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அவர்கள் அவசரக்காரர்கள்தான். ஆனாலும் போய் எசமானைக் கேட்டார்கள், பிடுங்கட்டுமா என்று. நாங்கள் கேட்கக்கூட இல்லை.

ஜெனிற்றாவிடம் நான்தான் சொன்னேன். அவள் கண்ணை விரித்து, "நான் மட்டுமோ ரீச்சர்?" என்று கேட்டாள். ஓம், நீ மட்டும்தான் என்றேன். அது பெரிய பாத்திரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோசத்தை நான் திருத்தவில்லை.

அறுப்பின் பண்டிகை

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. முன்மேசையில் கதிர்க்கட்டு வடிவில் சுட்ட பெரிய பாண், பெரிய பூசணிக்காய்கள், தகர டின்கள். ஆங்கிலேயக் கிழவிகள் தொப்பியோடு முன்வரிசையில். எங்கள் பெண்கள் காஞ்சிபுரம் சேலையில். இரண்டு வீடியோக் கமெராக்கள்.

மஞ்சள் கிரீடக்காரர் பதினொரு பேரும் வரிசையாய் நின்று காற்றில் அசைய வேண்டும். அவர்கள் அசைய மறந்து கமெராவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெனிற்றா மட்டும்தான் நடித்தாள். முதலில் தரையில் சுருண்டு கிடந்தாள். ஒரு விரல், பிறகு கை, பிறகு தலை என்று மெதுவாக முளைத்து வந்தாள். மற்றவர்களுக்கிடையில் நின்று அவர்களைப் போலவே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நெற்சப்பி செய்வது அதுதான்.

பிறகு அறுப்புக்காரர் இரண்டு பேர் வந்து அவளைக் கயிறடித்து விளையாடும் கயிற்றால் சுற்றிக் கட்டினார்கள். ஒத்திகையில் தளர்வாய்த்தான் கட்டுவார்கள். சனத்தைக் கண்ட உசாரில் அன்று இறுக்கிவிட்டார்கள். வரிசையிலிருந்து ஒரு பெடியன் மெல்ல "களை, களை" என்றான். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். அவளை இழுத்துக்கொண்டு போய் செம்மஞ்சள் கடதாசியில் செய்த நெருப்புக்குப் பின்னால் தள்ளினார்கள்.

ஆங்கிலப் போதகர் எழுந்து நின்று கை தட்டினார். லவ்லி, லவ்லி என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த நாங்களும் தட்டினோம்.

கடைசி வரிசையில் நேசமலர் நின்றுகொண்டிருந்தார். அவரும் கை தட்டினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அது யாருக்கான சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது. மகள் நெருப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் எல்லா வீட்டுப் பலகாரமும் இருந்தது. நேசமலர் ஒரு தட்டம் நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்திருந்தார். விடுதி அறையில், எல்லாருக்கும் பொதுவான ஒரு குசினியில், அதை எப்படிச் சுட்டாரோ தெரியாது. ஆங்கிலேயர்கள் இரண்டு மூன்று பேர் எடுத்தார்கள். எங்களில் ஒருவரும் எடுக்கவில்லை. என் கை அதை நோக்கித்தான் போனது. எதிர்ப்பக்கம் பவளமக்கா நின்றார். என் கை பக்கத்துத் தட்டத்து றோல்ஸை எடுத்தது.

குசினியில் நான் கோப்பை கழுவும்போது நேசமலர் வந்து ஈரத் துணி கேட்டார். வியர்வையில் கிரீடத்தின் சாயம் கசிந்து ஜெனிற்றாவின் நெற்றியில் பச்சையாய் இறங்கியிருந்ததாம். கிரீடத்தைக் கழற்றவும் மாட்டேன் என்கிறாளாம். துணியைப் பிழிந்துகொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சர், அவள் வாசலிலை நிக்கிறாள். நல்லாச் செய்தனீ எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. ஒரு கிழமையாய் அறையிலை என்னைக் கொண்டு கயிற்றாலை கட்டுவிச்சுக் கட்டுவிச்சுப் பழகினவள்."

"இந்தா வாறன்," என்றேன்.

அந்த நேரம் பவளமக்கா மேசை விரிப்பு மடிக்கக் கூப்பிட்டார். பிறகு வாறன் அக்கா என்று சொல்லியிருக்கலாம். வாசலில் எல்லாரும் பார்க்க அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்பதைவிட விரிப்பு மடிப்பது எனக்குச் சுலபமாய் இருந்தது. ஒன்று மடித்தேன். இரண்டாவதையும் மடித்தேன். எல்லாவற்றையும் மடித்து முடித்தேன்.

வெளியே வந்தபோது தூறல். அவர்கள் தெரு மூலையை அடைந்திருந்தார்கள். தாயின் கையில் ஈயத்தாள் மூடிய தட்டம், பாரம் குறையாமல். மகளின் தலையில் பச்சைக் கிரீடம் நனைந்து காதுப் பக்கம் சரிந்திருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அவர்கள் வரவில்லை. வராட்டில் விடும் என்றார் பவளமக்கா. மாரி தொடங்கியபோது, பழைய கோட்டுகள் சேர்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, அந்தத் தாயும் பிள்ளையும் குளிருக்கு என்ன செய்யினமோ என்று கேட்டார். மெய்யான கவலையோடுதான் கேட்டார். அவரைக் களைக் கட்டோடு சேர்ப்பதா கோதுமையோடு சேர்ப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அண்ணரின் ரெலிபோன்

போன மாதம் கனடாவிலிருந்து அண்ணர் எடுத்தார். மகனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறதாம். பெண் வீட்டார் இங்கே லண்டனில் எனக்குப் பக்கத்துத் தெரு. ஆர் எவர் எண்டு ஒருக்கால் விசாரிச்சுச் சொல்லு என்றார்.

எனக்கு அவர்களைத் தெரியும். அண்ணர் கேட்கும் விதத்திலும் தெரியும். தெரியாது அண்ணை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதை நல்ல காரியமாக எழுதவில்லை. அது பொய். அப்படி விசாரிக்க ஏலாது என்று சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். புதிதாக யாரையும் சந்தித்தால் என் மனதுக்குள் அந்த மூன்று கேள்வியும் இன்றும் வரிசையாய் எழும்பும். வாயை மூடிக்கொள்ளப் பழகியிருக்கிறேன். மனம் மூடவில்லை.

பஸ் தரிப்பில்

அந்த அறுப்பின் பண்டிகை முடிந்து எட்டு ஒன்பது வருடம் இருக்கும். இல்ஃபோர்டில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் சீருடைக்கு மேல் கோட்டுப் போட்ட ஒரு பெண். "ரீச்சர்தானே?" என்று கேட்டபோது குரலால்தான் அடையாளம் கண்டேன். நேசமலர். கொஞ்சம் பருத்து, தலை நரைத்து.

கணவர் ஒருவழியாய் வந்து சேர்ந்துவிட்டாராம். இவர் செவன் கிங்ஸ் பக்கத்தில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலையாம். ஜெனிற்றா இந்த வருடம் யூனிவேர்சிற்றிக்குப் போயிருக்கிறாளாம். சபைக்குப் போகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், சில வெள்ளிகளில் சிநேகிதியோடு ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவதாக. அங்கே ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வருவாராம். ஒருத்தரும் ஒன்றும் கேக்கிறேல்லை என்றார்.

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் வேறு எதையாவது பேச வேண்டும் என்ற பதற்றத்தில், பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"இப்ப எவடத்திலை?"

நேசமலர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கடைவாயில் ஒரு சிரிப்பு.

"லண்டனிலை எவடம் எண்டு கேக்கிறியளோ ரீச்சர், ஊரிலை எவடம் எண்டு கேக்கிறியளோ?"

என் காது இரண்டும் கொதித்தன. லண்டனிலை என்றேன்.

"சட்டன், தெற்கு லண்டன் பக்கம்," என்றார்.

பஸ் வந்தது. வரிசை நகர்ந்தது. அவர் படியில் கால் வைத்தபோது, இனியும் விட்டால் சாகும்வரை சொல்ல மாட்டேன் என்று தெரிந்து, கோட்டுக் கையைப் பிடித்தேன்.

"ஜெனிற்றாவுக்குச் சொல்லுங்கோ. அண்டைக்கு... அண்டைக்கு அவ நல்லாச் செய்தவ எண்டு."

அவர் திரும்பி நின்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அதை நான் அண்டைக்கே சொல்லிப்போட்டன் ரீச்சர்," என்றார். "நீங்கள் சொன்னதெண்டு. அவள் இப்பவும் அதைச் சொல்லுவாள்."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே ஏறினார். சாரதி என்னைப் பார்த்தார். நான் பின்னுக்கு ஓர் அடி வைத்தேன். கதவு மூடியது.

நான் போக வேண்டிய பஸ்ஸும் அதுதான்.